கடைசித் தூணுக்கு வைத்த முட்டு

பெரியவனே,

வீட்டுப் பிள்ளைகளின் சங்கதியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் சொல்ல வந்ததைச் சொன்ன பிறகு இதெல்லாம் உன் காதில் ஏறாது. உன் தங்கை மகள் வசந்தா கட்டுரைப் போட்டியில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து வெள்ளிக் கிண்ணம் வாங்கியிருக்கிறாள். அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் தன்னைவிட இரண்டு வகுப்பு பெரிய பையன்களைத் தோற்கடித்தான். உன் தம்பியின் சின்னவள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் கிழவி வேஷம் கட்டினாள்; ஹெட்மாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்த்தேன். அவள் அண்ணன் சேகருக்கு மெட்ராஸ் எஞ்சினீயரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. நம் வம்சத்தில் நீ முதல், அவன் இரண்டாவது. திண்டிவனம் கடைத்தெரு முழுவதும் நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உன் மகன் அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் வகுப்பில் இரண்டாவதாக வந்தான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். முதலாவதாக வந்த பிள்ளையை அடுத்த வருஷம் தாண்டச் சொல்.

இத்தனை பேரைச் சொல்லும்போது என் குரல் தணியாது. உன்னைப் பற்றி யாராவது கேட்டால்தான், "லண்டன்ல கட்டட ஆபீஸ்ல பெரிய வேலை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் வரைந்த படங்களில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சாயங்காலம் பையன்களுக்கு எந்தக் காலத்தில் எப்படிக் கட்டினார்கள் என்று பாடம் சொல்கிற வேலை. முதல் வகுப்பில் தேறிய என் மகன் இத்தனை வருஷத்தில் தன் பெயரில் ஒரு சுவர் எழுப்பியதில்லை. இப்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டித் தரும்படி உன்னையே தேடி வந்து கேட்டிருக்கிறார்கள், நீ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். "முதல் வளைவை ஒரு மனிதன் மேல் விழவைத்த கை இது. இதை நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிற்கவில்லை. கட்டட வேலை நம் குடும்பத்துக்கு ஆகாது, வேறு எஞ்சினீயரிங் எடுத்துக்கொள் என்று சேகருக்கும் எழுதியிருக்கிறாய். அவன் அந்தக் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டினான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ காலேஜிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய். நான் விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருப்பேன். நீ எதிரில் உட்கார்ந்து படத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாய். கிரேக்கர்கள் தூணை நட்டு அதன்மேல் கல்லைக் குறுக்கே கிடத்தினார்கள், நம் கோயில் மண்டபம் மாதிரிதான்; கல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் தூணுக்குத் தூண் இடைவெளி, அதனால் உள்ளே நுழைந்தால் தூண் காடு என்றாய். ரோமாபுரிக்காரர்கள் சின்னக் கற்களை வளைத்து அடுக்கி அகலமான இடத்தைத் தாண்டினார்கள், எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து தண்ணீருக்குள்ளேயும் இறுகுகிற காரை செய்தார்கள் என்றாய். அவர்கள் கட்டிய ஒரு பெரிய உருண்டைக் கூரையின் உச்சியில் திறந்த ஓட்டை இருப்பதைக் காட்டினாய்.

"மழ வந்தா?" என்றேன்.

"உள்ளேதாம்மா பெய்யும். தண்ணி போறதுக்குத் தரையில ஓட்ட போட்டு வச்சிருக்கான்."

"மேல ஒண்ண மூடியிருந்தா கீழ அத்தினி ஓட்ட போட வேணாமே. இத்தப் படிக்கிறதுக்கா உங்கப்பா உன்ன மெட்ராசுக்கு அனுப்பினாரு?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு வந்தவர்கள் வளைவின் உச்சியைக் கூராக்கினார்கள், சுவரை மெலிதாக்கிக் கண்ணாடி பதித்தார்கள், கூரையை வானத்துக்கு ஏற்றினார்கள் என்று பிரான்ஸ் தேசத்துக் கோயில்களைக் காட்டினாய். அவற்றின் வெளிப்பக்கம் முழுக்கக் கல்லால் கால் ஊன்றியிருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிவிட்டு, சாயப்போகிற குடிசைக்குக் கொடுப்பது போல ஏன் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பாரம் கீழ எறங்கும்னு நமக்குத் தெரியும்மா. வளைவு போட்டா பக்கத்துலயும் தள்ளும். அந்தத் தள்ளுதல எவன் எப்படித் தாங்கினான்றதுதான் இந்தப் பொஸ்தகத்துல பாதி" என்றாய். இன்னொரு ஊரில் முட்டுச் சுவர் வேண்டாம் என்று, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிப்பது போல உருண்டைக் கூரையைச் சுற்றிச் சங்கிலி கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னாய். எனக்கு எல்லாம் புரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனால் நீ சொல்லி எனக்குப் புரியாமல் போனது ஒன்றுமில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். புரியாமல் செய்தேன் என்று எனக்காக நீ சாக்குத் தேடக்கூடாது.

கிளியனூர் நிலத்தில் நல்ல விளைச்சல் கண்ட வருஷம் திண்டிவனத்தில் இந்த வீட்டைத் தொடங்கினோம். முகப்பை நீதான் வரைந்தாய். தாழ்வாரத்துக்கு மூன்று வளைவுகள், நான்கு தூண்கள். மேற்கு ஓரத்துத் தூண் நெல் அறைச் சுவரில் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பயமில்லை. கிழக்கு ஓரத்துத் தூண் தெருமுனையைப் பார்த்துத் தனியாக நின்றது. அதற்கு வெளியே, இடுப்புக்கு மேலிருந்து சரிந்து இறங்குகிற மாதிரி ஒரு முட்டுச் சுவர் வரைந்திருந்தாய். சின்னப்பன் மேஸ்திரி மாதா கோயில்களில் கூர்வளைவு போட்ட கை. உன் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி வயசுக்குக் கெட்டிக்காரருங்கம்மா" என்றார். சிமெண்ட் கிடைக்காத காலம். செக்கில் அரைத்த சுண்ணாம்பில்தான் வேலை. தை மாதம் வளைவு ஏறியது. பங்குனியில், அடியில் தாங்கிய மரச்சட்டத்தை இறக்குகிற அன்று நீ வந்திருந்தாய். எல்லோரும் விலகி நின்றபோது நீ மட்டும் வளைவுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாய். சட்டம் இறங்கியது. ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை. மேஸ்திரி உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் கடைசிப் பரீட்சைக்கு நீ மெட்ராஸ் போய்விட்டாய். உன் வளைவு நின்றது, பெரியவனே. நீ வரைந்தபடி இருந்த வரைக்கும் அது நின்றது.

கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது உன் விழுப்புரத்து அத்தை வந்தாள். உன் அப்பாவின் தங்கை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குற்றம் கண்டுபிடித்துவிடுகிறவள். தெருமுனையில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேர் இருந்தார்கள்.

"இன்னா அண்ணி, புது வூட்டுக்கே முட்டுக் குடுத்து வச்சிருக்கீங்க? கெழவன் கழி ஊனிக்கினு நிக்கிற மாதிரி கீது. குடி பூர்றதுக்குள்ள சாஞ்சிடும்னு பயமா?"

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் பல்லில் மணலாக நறநறத்தது. நம் பக்கத்தில் முட்டுக் கொடுத்த வீடு என்றால் கெட்டு நொடித்த வீடு என்று அர்த்தம். வண்டி கட்டி வருகிறவர்கள் எல்லாரும் தெருமுனையில் முதலில் பார்ப்பது அந்த முட்டைத்தான். அவள் பஸ் ஏறியதும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அதை இடித்து எடுத்துவிட்டுச் சுவரைப் பூசச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, அது அழகுக்கு வச்சது இல்லீங்கம்மா. நடுத் தூணுங்க ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு நின்னுடும். கடைசித் தூணுக்கு யாரு இருக்கா? அதுக்கு ஒரு ஆளு வேணும். சுண்ணாம்பு வேற இன்னும் பச்சையா கீது."

"சட்டத்த எடுத்து மாசம் ஒண்ணு ஆவுது. நிக்கிதா இல்லியா?"

"முட்டு இருக்கவேதாம்மா நிக்கிது. தம்பிக்கு ஒரு காயிதம் போட்டுக் கேட்டுடுங்க."

"அவன் பரிட்ச எழுதிக்கினு கீறான். உனக்குக் கூலி குடுக்கிறது நானா, அவனா?"

அவர் கடைசித் தூணைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப தூணுக்குத் தூண் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டிடறேம்மா. அதுவும் புடிச்சிக்கும்" என்றார்.

"தாவாரத்துல துணி காயப்போடவா? ஜல்தியா வேலையப் பாரு."

அரை நாளில் இடித்தார். செங்கல்லை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அடுக்கச் சொன்னேன். இடித்த இடத்தை மட்டம் தட்டி, சாணம் போட்டு மெழுகி, கோலமும் போட்டேன். தூண் ஒல்லியாக, நேராக, கழி ஊன்றாமல் நின்றது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலையில் கடைசி வளைவின் உச்சியில் தலைமுடி போல ஒரு கீறல் இருந்ததை மேஸ்திரிதான் பார்த்தார். ஓடிப்போய் இரண்டு சவுக்குமரங்களை இழுத்து வந்து அடியில் நிறுத்தப் போனார். ஒன்றை நிறுத்திவிட்டார். இரண்டாவதை நிமிர்த்தும்போது கிழக்குத் தூண் தெருப்பக்கம் சாய்ந்தது. பின்னாலேயே மூன்று வளைவுகளும் வந்தன. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மேஸ்திரியின் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வேண்டாம் என்று நான் எடுக்கச் சொன்ன கழியை அந்த மனிதர் இன்றைக்கும் ஊன்றிக்கொண்டிருக்கிறார். அத்தை மறு பஸ்ஸில் வந்து, "நான் அப்பவே சொன்னேனே, முட்டுக் குடுத்த வூடு நிக்காதுன்னு" என்றாள்.

நீ மறுநாள் மத்தியானம் வந்தாய். தூண் விழுந்ததே முட்டு இருந்த இடத்தின்மேல்தான், அதனால் அங்கே செங்கல் மலையாகக் கிடந்தது. நீ அதன்மேல் ஏறி நாடா வைத்து அளந்தாய், நோட்டில் என்னென்னவோ போட்டாய். நான் மோர்ச் செம்போடு நின்றேன். நீ நிமிர்ந்து, "முட்டோட சேர்த்துச் சாஞ்சிருக்குதும்மா. நான் போட்ட கனம் பத்தல" என்றாய். உன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. என் வாய் வரைக்கும் வந்தது. "மோரக் குடி கண்ணு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர், கொட்டகைக்குப் பின்னால் அந்தச் செங்கல்லைப் பார்த்துவிட்டார். "நீயே சொல்லிடு" என்று ஒரே தரம் சொன்னார். நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் முகப்பு வழியாக வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை, பின்கட்டு வழியாகவே வந்து போனார், செத்தபோதுதான் முன்வாசல் வழியாக வெளியே தூக்கி வந்தோம். நீ அதற்கும் வரவில்லை. லண்டனிலிருந்து தந்தி அனுப்பினாய். அந்தத் தந்தியைப் படித்தவர்கள் உன்னைப் பழித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து பழித்தேன். பிள்ளையை விரட்டியது யார் என்று தெரிந்துகொண்டே பழித்தேன்.

நீ மேஸ்திரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று அவரைக் கேட்டேன். "தாய்க்கும் புள்ளைக்கும் நடுவுல நான் எதுக்கும்மா" என்றார். நீ வந்து, "மேஸ்திரி, என் கணக்கு தப்பாப் போச்சு" என்று அவர் கையைப் பிடித்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நீ வெளியே போனாய். நான் அதே கட்டிலின் ஓரத்தில்தான் நின்றிருந்தேன்.

சீமைக்குப் போகும்போது நீ நம் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. அந்த முகப்பைப் பார்க்க மாட்டாமல் விழுப்புரத்தில் அத்தை வீட்டில் போய்த் தங்கினாய். பெற்றவளுக்கு அதைவிட அவமானம் வேண்டுமா? ஆனாலும் பஸ் ஏறி ஜங்ஷனுக்கு வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், தண்டவாளத்துக்கு அடியில் வாய்க்கால் போகிற அந்தப் பழைய செங்கல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எவன் போட்டதோ, எத்தினி ரயிலு போனாலும் நிக்குது பாரும்மா" என்றாய். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். நான் கட்டுச்சோற்றைக் கொடுத்து, புளிச்சோற்றை முதலில் தின்னு என்றேன்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். உன்னையும் நான் சும்மா விடப்போவதில்லை. அங்கே போன பிறகு நீ எழுதிய கடிதங்களில் பாதி கட்டடம்தான். பிரான்சில் ஒரு கோயிலை மற்ற எல்லாவற்றையும்விட உயரமாகக் கட்ட ஆசைப்பட்டு அதன் கூரை விழுந்தது, தூண்களை இரட்டிப்பாக்கி மறுபடி கட்டினார்கள், பிறகு கோபுரம் எழுப்பி அதுவும் விழுந்தது என்று மூன்று தாள் எழுதியிருந்தாய். பல நூறு வருஷத்துக்கு முன்னால் விழுந்ததற்கு யார் காரணம், எந்தத் தூண் காரணம் என்று ஆராய உனக்குத் தெரிகிறது. உன் வீட்டு வாசலில் விழுந்ததற்கு நீ மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. செங்கல்லை எண்ணவில்லை. "நான் இல்லாதபோது யார் எதைத் தொட்டீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீ கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று முந்திக்கொண்டு எடுத்துக்கொள்வதும் ஒரு கர்வம்தான், பெரியவனே. உன் கையை மீறி அங்கே எதுவும் நடந்திருக்காது என்கிற கர்வம். அது உனக்கு என்னிடமிருந்து வந்தது, உன் அப்பாவுக்கு அது கிடையாது. உன் மகனிடம் அது தலைகாட்டினால் முளையிலேயே கவனி. ஒன்று விழுந்தால் முதலில் அங்கே நின்றவர்களைக் கேட்கச் சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தாலி தேசத்துக்குப் போய் வந்து நீ எழுதிய கடிதத்தில், அங்கே தாழ்வாரம் தவறாமல் தூணுக்குத் தூண் இரும்புக் கம்பி ஓடுகிறது, ராஜா வீட்டிலும் இருக்கிறது, யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அன்று நான் சாப்பிடவில்லை. உன் தம்பி பெண்டாட்டி எனக்கு உடம்பு சரியில்லை என்று கஷாயம் வைத்தாள். குடித்தேன்.

இதுவரை எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்தேன். தபாலில் போடுவதற்கு முன் சின்னப்பன் மேஸ்திரி வீட்டுக்குப் போய் அவருக்கு முன்னால் முழுவதும் படித்தேன். அவர் பெண்டாட்டி அடுப்படியில் நின்று கேட்டாள். இத்தனை வருஷமும் அறுப்புக்கு அறுப்பு நான் அனுப்பிய நெல்லை வாங்கிக்கொண்டவள், அன்று உள்ளே போய் மூலையிலிருந்த மூட்டையை இழுத்து வந்து என் எதிரில் வைத்தாள். மேஸ்திரிதான், "தம்பி நல்லாத்தாம்மா போட்டாரு. நான்தான் கேட்டிருக்கக் கூடாது உங்க பேச்ச" என்றார். மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சேகரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவன் கட்டட எஞ்சினீயரிங்தான் எடுத்துக்கொள்ளப் போகிறான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான், இருந்தாலும் சொல்லிவிட்டான்.

இனி உனக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான். அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தை ஒப்புக்கொள். என்மேல் உள்ள கோபத்தில் அதையும் தள்ளிவிடாதே, அந்தப் பிள்ளைகள் எனக்கு என்ன செய்தார்கள்? நீ பதில் எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் நம்பவும் மாட்டேன். எழுத வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. இங்கே சுவரில் நீ இதுவரை அனுப்பியது ஐந்து இருக்கிறது, கோட்டுப் போட்டது, கல்யாணத்தில் எடுத்தது, பிள்ளையோடு எடுத்தது. ஐந்திலும் ஒன்றும் தெரியாத என் மகன் நிற்கிறான். எல்லாம் தெரிந்த என் மகன் எப்படி இருப்பான் என்று நான் பார்க்கவேண்டும். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னால் சிரிக்காதே. உன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா